"விருப்ப விலகல்" தாளில் கையெழுத்துப் போடலாமா? பாடாங் செராய் வாசகிக்குப் பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து வாசகி எழுதியது:

"ஐயா, நாங்கள் கெடாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 51 வயது, 17 வருடமாகக் குலை வெட்டுகிறார், மாதம் சராசரி 1,850 வெள்ளி (ரிங்கிட்) வரும். அடுத்த மாதம் முதல் வெட்டு வேலை முழுவதும் ஒரு கொந்திராக்டர் கைக்குப் போகிறதாம். ஆபீசில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டால்தான் கொந்திராக்டர் எடுப்பார், வீட்டிலும் இருக்கலாம் என்கிறார்கள். நான் வேலைக்குப் போகவில்லை, அவருக்கு உதிரிப் பழம் பொறுக்கிக் கொடுப்பேன். மகளுக்கு 21 வயது, கூலிம் ஃபேக்டரியில் ஏஜெண்ட் மூலமாக வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தில் கையெழுத்து, கழுத்தில் போடுகிற அட்டைக் கயிறுகூட நிரந்தர ஆட்களுக்கு வேறு நிறம் என்கிறாள். சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கிடைக்கும் என்று ஒருத்தர் சொன்னார். கொழுந்தன் அது பிச்சைக் காசு என்கிறார், வெளிநாட்டுக்காரர்கள் வந்ததால்தான் நமக்கு இந்த நிலைமை என்றும் சொல்கிறார். முன்பு ஒரு தடவை உதவிக்கு எழுதிக் கொடுத்தோம், நீங்கள் ஏழை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போடலாமா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். போட வேண்டாம். "எல்லாரும் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி" என்று ஆபீஸ் கிராணியே வீட்டு வாசலுக்கு வந்து நின்றாலும் வேண்டாம். "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லி வாங்கிக்கொண்டு வரட்டும், அது போதும்.

நீங்கள் போனில் படம் பிடித்து அனுப்பிய அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மலாயில் நாலே வரி. பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், அப்புறம் "சாயா பெர்ஹெந்தி கெர்ஜா செச்சாரா சுகாரேலா", அதாவது நானாகவே விருப்பப்பட்டு வேலையிலிருந்து நிற்கிறேன். அதற்குக் கீழே, நிர்வாகத்திடம் இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், சாட்சிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், தேதி எழுதுகிற இடம் மட்டும் வெறுமனே கிடக்கிறது. அது மறதியில் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை போன நாளிலிருந்து 60 நாள் என்று ஓடுகிற கெடுக்கள் இந்த நாட்டுச் சட்டத்தில் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். தேதி காலியான தாள் யார் கையில் இருக்கிறதோ, அந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்பதும் அவர் கைக்குப் போய்விடும்.

இப்போது அந்த நாலு வரியால் என்ன போகும் என்று பாருங்கள். வெட்டு வேலையைக் கொந்திராக்டருக்குக் கொடுப்பது நிர்வாகத்தின் முடிவு, உங்கள் வீட்டுக்காரருடைய முடிவு இல்லை. நிர்வாகம் ஆள் குறைத்தால் அதற்கு 1980ஆம் ஆண்டு முதல் விதிமுறை இருக்கிறது: இரண்டு வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் வருடத்துக்கு 20 நாள். அவருக்கு 17 வருடம். கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டி 365 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 60 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அதை 20 ஆல் பெருக்கி 17 ஆல் பெருக்கினால் 20,600 ரிங்கிட்டைத் தாண்டும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம் அது. அது போக ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் எட்டு வாரச் சம்பளம். நானாகவே நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இதில் ஒரு காசு கிடையாது.

"இல்லை, தோட்டமே கை மாறுகிறது, வேலை அப்படியேதான் இருக்கும்" என்று உங்களிடம் சொல்லலாம். அதற்கும் அதே விதிமுறையில் வழி வைத்திருக்கிறார்கள். தொழில் கை மாறி, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தந்தால் ஆள்குறைப்புத் தொகை கிடையாது, ஆனால் 17 வருட சர்வீஸ் அப்படியே தொடரும். அதாவது ஒன்று பணம் வர வேண்டும், இல்லையென்றால் சர்வீஸ் தொடர வேண்டும். பணமும் வராது, சர்வீஸும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்கிற மூன்றாவது வழி சட்டத்தில் கிடையாது, அதை உண்டாக்கத்தான் அந்தத் தாளை அச்சடித்திருக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1989இல் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், அங்கே 22 வருடம் பால் வெட்டியவர் என் அப்பா. ஒரு சாயங்காலம் ஸ்டோர் வாசலில் மேஜை போட்டு எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள், நானும் அப்பாவோடு நின்றேன், எனக்கு 14 வயது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. பெருவிரலில் பால் காய்ந்து ஒட்டியிருந்ததால் ரேகை சரியாக விழவில்லை, மேஜையில் இருந்தவர் ஒரு துணியை ஈரமாக்கி அவர் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். ஒரு மாதச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தோம். பல வருடம் கழித்துத் தொழிலாளர் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தபோது அந்த 1980ஆம் வருட விதிமுறை என் கண்ணில் பட்டது, 22 வருடத்துக்கு 20 நாள், மொத்தம் 440 நாள் சம்பளம் என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

சரி, சொக்சோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொழுந்தனிடம் வீட்டுக்காரருடைய சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். அதில் "இஐஎஸ்" அல்லது "எஸ்ஐபி" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் மூன்று ரிங்கிட் எழுபது காசு மாதிரி ஒரு சின்னத் தொகை. அதுதான் சொக்சோ நடத்துகிற வேலைக் காப்புறுதித் திட்டம், 2017இல் சட்டம் போட்டு 2018 ஜனவரியில் தொடங்கினார்கள். சம்பளத்தில் 0.2 சதவிகிதம் தொழிலாளி கட்டுகிறார், அதே 0.2 சதவிகிதம் முதலாளி கட்டுகிறார். மழையிலும் வெயிலிலும் குலை வெட்டி மாதா மாதம் கட்டி வந்த காசை, வேலை போன நேரத்தில் திருப்பிக் கேட்பது எப்படிப் பிச்சை ஆகும்? காருக்கு இன்சூரன்ஸ் கட்டியவர் விபத்து நடந்தால் கிளைம் செய்வதற்குக் கூச்சப்படுவதில்லையே. இந்தக் கூச்சத்தை நான் நிறையத் தோட்டத்து வீடுகளில் பார்க்கிறேன், அரசாங்க ஆபீசில் வாங்குகிற பணம் எல்லாமே "பந்துவான்", அதாவது உதவி, என்று ஒரே பெயரில் போய்விட்டதால் வந்த கூச்சம் இது. நலத்துறை உதவி வேறு, நாம் சந்தா கட்டிய காப்புறுதி வேறு. (நலத்துறை உதவி வாங்குவதிலும் கேவலம் எதுவும் இல்லை என்பதுதான் என் எண்ணம், அது தனிப் பேச்சு.)

ஆள்குறைப்பில் வேலை போனவருக்கு இந்தத் திட்டம் ஆறு மாதம் வரை வேலை தேடும் படி தரும். முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவிகிதம், அவர் சம்பளத்துக்கு ஏறக்குறைய 1,480 ரிங்கிட், அதன் பிறகு மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். இடையிலேயே வேறு வேலை கிடைத்துவிட்டால் மிச்சத் தொகையில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள், அதனால் சீக்கிரம் வேலை கிடைத்தால் நஷ்டம் என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். 17 வருடம் விடாமல் வேலை செய்தவருக்குச் சந்தா நிபந்தனையில் சிக்கல் வராது. சிக்கல் இரண்டே இடத்தில்தான் வரும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இதுதான் நான் சொன்ன முதல் கெடு. இரண்டாவது, தானாக விலகியவருக்கு இந்தப் பணம் கிடையாது. மறுபடியும் அதே தாள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். "நான் வேலைக்குப் போகவில்லை, அவருக்கு உதிரிப் பழம் பொறுக்கிக் கொடுப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருடமாக என்று எழுதவில்லை. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அவர் போன பிறகு நீங்களும் கோணியோடு கிளம்பி, மரத்தடியில் குந்தி, முள்ளுக்கும் காய்ந்த மட்டைக்கும் நடுவில் சிதறிக் கிடக்கும் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பாம்பு இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பார்த்து, மதியம் வரை முதுகு நிமிராமல் செய்வது வேலை இல்லையா? எண்ணெய்ச் சத்து நிறைய இருப்பதே நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தில்தான், அதை விட்டால் ஆலைக்கு நஷ்டம், அதனால்தான் உதிரிக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் பொறுக்கிய மூட்டைக்கு நிறுவை நடக்கிறது, பணமும் வருகிறது, ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், உங்கள் பெயர் இல்லை. அவர் பெயரில் ஏறுகிறது. அவருடைய 1,850இல் உங்கள் கை எவ்வளவு என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், சேமநிதி வாரியத்துக்குத் தெரியாது, சொக்சோவுக்கும் தெரியாது. நாளைக்கு முள் குத்திக் கண் போனாலும் நீங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள்: எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை எப்படி நடக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி, அவர் தொழிலுக்கு அத்தியாவசியமான வேலையை நாம் செய்து, கூலியும் வருகிறது என்றால் அவரை முதலாளி என்றும் நம்மைத் தொழிலாளி என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. உங்களுக்காக இதை வாதாடிப் பார்க்கலாம். எளிது என்று பொய் சொல்ல மாட்டேன், பணம் கணவர் பெயரில் வந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு நிற்கும். ஆனால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது இதையும் வாயைத் திறந்து சொல்லுங்கள், அவர் பின்னால் நின்றுகொண்டு இருக்காதீர்கள். இனிமேல் கொந்திராக்டரிடம் வேலை என்று ஆனால் உங்கள் பெயரிலும் தனியாகச் சம்பளச் சீட்டு வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அது நடக்கும் வரைக்கும் இரண்டு சின்ன ஏற்பாடு: இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பரில் வந்தது, 55 வயதுக்குள் இருக்கிற பெண்கள் வருடத்துக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். இபிஎஃபில், அதாவது சேமநிதி வாரியத்தில், ஐ-சாரான் என்று ஒன்று இருக்கிறது, முதலாளி இல்லாதவர்கள் தாங்களே முடிந்ததைப் போட்டு வரலாம், அரசாங்கமும் தன் பங்காக வருடத்துக்கு 500 ரிங்கிட் வரைக்கும் சேர்க்கும்.

பாருங்கள், உங்கள் வீட்டில் மூன்று பேர் உழைக்கிறீர்கள். ஒருவருக்குத் தோட்டத்தின் பெயரில் சம்பளச் சீட்டு, ஒருவருக்குச் சீட்டே இல்லை, மகளுக்கு ஏஜெண்ட் பெயரில் சீட்டு. உழைப்பு மூன்று பேருக்கும் ஒன்றுதான். ஆனால் வேலை போனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தச் சீட்டின் தலைப்பில் அச்சடித்திருக்கிற பெயர் முடிவு செய்கிறது. ஏற்றத்தாழ்வு என்றால் படித்தவன் படிக்காதவன் என்றுதான் பேசுகிறோம். நான் இத்தனை வருடம் கேஸ் பார்த்ததில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே ஃபேக்டரி லைனில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற பள்ளத்தை இந்தச் சீட்டுதான் வெட்டுகிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் அதைத்தான் தினமும் பார்க்கிறாள். கழுத்தில் தொங்குகிற அட்டையின் கயிறு நிரந்தர ஆட்களுக்கு ஒரு நிறம், ஏஜெண்ட் ஆட்களுக்கு வேறு நிறம் என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே மெஷின், ஒரே ஷிஃப்ட். கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறந்தது, சுற்றிலும் இருந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இனி விடிவு என்று அப்போது பேசினார்கள். வேலை வந்தது உண்மை. ஆனால் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் ஏஜெண்ட் வேன் வழியாகத்தான் அந்தக் கேட்டுக்குள் போகிறார்கள். கார் இல்லை, லைசென்ஸ் இல்லை, காலை ஐந்தரைக்கு வேன் எங்கே நிற்கிறதோ அங்கே கிடைக்கிற வேலைதான் வேலை. தோட்டத்தை நம்பி வாழ்கிற ஊரில் இதுதான் பெரிய சங்கடம், வேலை கொடுப்பவரும் அவரே, வீடு கொடுப்பவரும் அவரே, அவரை விட்டால் ஏஜெண்ட். இரண்டு பேரிடம் பேரம் பேச முடிந்தவனுக்கும் ஒருவரிடம் மட்டும் கை கட்டி நிற்பவனுக்கும் கிடைக்கிற கூலி ஒன்றாக இருக்காது. அதனால்தான் குறைந்தபட்சச் சம்பளத்தை நான் எப்போதும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கி, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025இல் 1,700க்கு வந்திருக்கிறது, 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற முதலாளிக்கும் அதுதான். கொந்திராக்டருக்கும் ஏஜெண்டுக்கும் விலக்கு இல்லை, "டன் கணக்கில் கூலி" என்று சொன்னாலும் மாதக் கடைசியில் அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது.

மகளுக்கு மூன்று மாத ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனால் அது ஆள்குறைப்புக் கணக்கில் வராது, வேலைக் காப்புறுதிப் பணமும் கிடைக்காது. ஆனால் ஒப்பந்தம் என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் ஆகிவிடாது, தொடர்ந்து புதுப்பித்த விதத்தையும் வேலையின் தன்மையையும் பார்த்து அது உண்மையில் நிரந்தர வேலைதான் என்று தீர்மானிக்கலாம் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பழைய ஒப்பந்தத் தாள் ஒவ்வொன்றையும் அவள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், புதியது கையெழுத்தானதும் பழையதைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கக் கூடாது. வேலை வாங்கித் தர ஏஜெண்ட் பணம் வாங்கினாரா? வாங்கியிருந்தால் ரசீது கேட்கச் சொல்லுங்கள், லைசென்ஸ் இல்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். சொக்சோ நடத்துகிற மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்கிற வேலை தேடும் இணையதளத்தில் பெயர் பதிய காசு இல்லை, ஃபேக்டரி நேரடியாக ஆள் எடுக்கிற வேலைகள் அதில் வரும், வாரா வாரம் பார்க்கட்டும். எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வு) நின்றிருக்கிறாள் என்றால் எஸ்கேஎம் என்கிற தொழில் திறன் சான்றிதழை மூன்றாம் நிலை வரை படித்தால் ஆபரேட்டர் என்பதிலிருந்து டெக்னீஷியன் பக்கம் நகர முடியும். நிபோங் திபாலில் இருக்கும் ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் உங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை, அடுத்த சேர்க்கை எப்போது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு அல்ல, இடம் உறுதியான பிறகு.

கொழுந்தன் சொன்ன இரண்டாவது விஷயம், வெளிநாட்டுக்காரர்கள். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, திசைதான் தப்பு. ஊரில் நிலத்தை அடகு வைத்து, வழியெல்லாம் ஏஜெண்டுக்கு அழுது, கடனோடு இங்கே வந்து குலை வெட்டுகிறவன் உங்கள் வீட்டுக்காரருடைய வேலையைப் பிடுங்கவில்லை. அவனை வைத்துக்கொள்வது மலிவாக இருக்கும்படி கணக்குப் போட்டவர்கள் வேறு. ஃபேக்டரிக்கு ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை எடுத்தால் தீபகற்பத்தில் வருடத்துக்கு 1,850 ரிங்கிட் லெவி (அரசாங்கத்துக்குக் கட்டும் வரி), தோட்டத்துக்கு எடுத்தால் 640. மாதத்துக்கு ஐம்பத்துச் சொச்சம் ரிங்கிட். தோட்ட வேலைக்கு உள்ளூர்க்காரர் வருவதில்லை என்பதுதான் எப்போதும் சொல்கிற காரணம், 17 வருடமாக வந்துகொண்டிருக்கிறவரை அனுப்பப் பார்க்கும்போது அந்தக் காரணம் எங்கே போனது? நம் தாத்தா பாட்டிகளும் இதே மாதிரிக் கப்பலேறிக் கடனோடு வந்தவர்கள்தான், அதை மறந்துவிட்டு அடுத்த வரிசையில் வந்தவனைத் திட்டுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அதே சமயம் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற பாதுகாப்பையும் விட வேண்டாம்: வேலைச் சட்டம் 60என் பிரிவின்படி, ஆள் குறைக்கும்போது அதே மாதிரி வேலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தாமல் உள்ளூர்த் தொழிலாளியை நிறுத்தக் கூடாது. நேரடி செக்ரோலில் வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரரை மட்டும் கொந்திராக்டரிடம் தள்ளுகிறார்களா என்று கவனியுங்கள், அப்படியென்றால் இலாகாவில் அதையும் சொல்ல வேண்டும்.

"ஏழை இல்லை" என்று சொன்னார்களே, அது உங்கள் மனதில் இன்னும் இருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. அது உங்கள் தப்பும் இல்லை, எழுதிக்கொண்டு போனவர் தப்பும் இல்லை, கோடு அப்படிப் போட்டிருந்தார்கள். 2016இல் ஒரு குடும்பத்துக்கு வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். அந்தக் கணக்கில் நாட்டில் 0.4 சதவிகிதம் பேர்தான் ஏழைகள். 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் வறுமை பற்றிய சிறப்புப் பிரதிநிதி ஃபிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு நிஜ வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், நிறையப் பேர் கோபப்பட்டார்கள். அடுத்த வருடம் கோட்டை 2,208க்கு மாற்றினார்கள், 2019க்கான வறுமை விகிதம் 5.6 சதவிகிதம் என்று ஆனது. 2022 கணக்கில் கோடு 2,589. அவர் ஒருவர் சம்பளத்தில் மட்டும் ஓடுகிற குடும்பம் என்றால், இதே சம்பளம், இதே வீடு, இதே சாப்பாடு, ஒரு வருடம் ஏழை இல்லை, கோடு மாறியதும் ஏழை. அதனால் பழைய பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு வேலை போனால் குடும்ப வருமானம் மாறிவிட்டது என்று இ-காசே என்கிற ஏழைக் குடும்பங்களின் அரசாங்கப் பதிவேட்டில் மறுபடி பதியுங்கள், சமூகநல இலாகாவிலும் புதிதாக விண்ணப்பியுங்கள். எஸ்டிஆர் என்கிற அரசாங்க ரொக்க உதவிக்குக் குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட் வரை தகுதி உண்டு, அதில் உங்கள் விவரம் பழையதாக இருந்தால் திருத்துங்கள்.

வீட்டைப் பற்றி. இதுதான் உண்மையான பிடி என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டைக் காலி செய் என்பார்கள் என்கிற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் ஒரு நாள் விடத்தான் வேண்டும், இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் வாய் வார்த்தையில் வெளியே போகாதீர்கள், எதுவாக இருந்தாலும் கடிதமாகக் கொடுங்கள் என்று கேளுங்கள், பணம் கைக்கு வரும் வரை அவகாசம் வேண்டும் என்று நீங்களும் எழுதிக் கொடுத்து ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அன்றைக்கே தொழிலாளர் இலாகாவுக்குப் போன் போடுங்கள். இன்னொன்று, கையெழுத்துப் போட்டால் வீட்டில் இருக்கலாம் என்கிறார்களே, அந்தத் தாளில் வீடு என்கிற வார்த்தையே இல்லை, திரும்பப் பாருங்கள்.

இனி என்ன செய்ய வேண்டும். நம் கெடாவில் வெள்ளி, சனி ஆபீஸ் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பார்கள். தொழிலாளர் இலாகாவில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா என்று போர்டு போட்டிருக்கும், இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். வக்கீல் தேவையில்லை, முறையிடக் கட்டணம் இல்லை. அவர் ஐசி, கடைசி ஒரு வருடச் சம்பளச் சீட்டுகள், இபிஎஃப் அறிக்கை, அந்தத் தாளின் படம் இதெல்லாம் போதும். ஆள் குறைக்கப்போகிற நிர்வாகம் 30 நாள் முன்னதாகவே பிகே ஃபாரம் என்று ஒன்றை அந்த இலாகாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்திருக்கிறார்களா என்று கவுண்டரில் கேளுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்டாலே இவர்களுக்கு விஷயம் தெரியும் என்று அதிகாரிக்குப் புரியும். சம்பளச் சீட்டு எல்லாம் இல்லையென்று சொன்னாலும் கவலை வேண்டாம், இபிஎஃப் அறிக்கையில் 17 வருடமும் முதலாளி பெயரோடு பதிவாகியிருக்கும். தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் அவர் உறுப்பினர் என்றால் வட்டாரச் செயலாளருக்கும் இன்றே சொல்லுங்கள், கூட்டு ஒப்பந்தம் இருந்தால் சட்டத்தில் உள்ளதைவிட நல்ல விகிதம் அதில் இருக்கலாம். கொந்திராக்டரிடம் போக வேண்டிய நிலைமை வந்தால், பழைய பாக்கியைத் தீர்த்து வாங்கிக்கொண்டு, எழுத்துப்பூர்வமான புதிய ஒப்பந்தத்தோடு போகட்டும். கொந்திராக்டர் சம்பளத்தை ஏமாற்றினால் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் வேலையைக் கொடுத்த தோட்டமும் பொறுப்பு, ஆனால் 90 நாளுக்குள் கேட்க வேண்டும்.

ஒருவேளை நான் இதை எழுதி நீங்கள் படிப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், தயவு செய்து அவரைத் திட்டாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய விலகல் விலகல் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி வேலை போன 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம், இதுதான் இரண்டாவது கெடு. யார் கூப்பிட்டார்கள், எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் ஞாபகம் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே தாளை வாங்கியிருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே மாதிரித் தாள், ஒரே வாசகம் இருபது பேரிடம் இருந்தால் இருபது பேரும் ஒரே வாரத்தில் தானாகவே விருப்பப்பட்டு விலகினார்கள் என்று எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

எனக்கு உடனே ஒரு வரி எழுதுங்கள்: அந்தத் தாள் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறதா, ஆபீசில் இருக்கிறதா? தேதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? அப்படியே, நீங்கள் எந்த வருடத்திலிருந்து உதிரி பொறுக்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.